யாழ் எங்கே போயிற்று?

நல்லூர்த் திருவிழா பார்த்துவிட்டு வீடு திரும்பும் வழியில் என் பேத்தி ஒரு கேள்வி கேட்டாள். அவள் வீணை பயிலத் தொடங்கி ஓராண்டாகிறது. ஆதலால் தந்திக் கருவி எதைக் கண்டாலும் நின்று பார்ப்பாள்.

"அப்பப்பா, எங்கட ஊருக்கு யாழ்ப்பாணம் எண்டு பேர். அப்ப யாழ் எங்க இருக்குது?"

கடைப் பலகைகளிலும் கல்லூரி மலர்களின் அட்டைகளிலும் சங்கங்களின் முத்திரைகளிலும் யாழின் படம் இருக்கிறதே என்றேன். அவள் விடவில்லை. "படத்தைக் கேக்கேல்லை. அது எப்படிச் சத்தம் போடும்?" என்றாள்.

அதற்கு மறுமொழி கூற என்னால் இயலவில்லை. எழுபது ஆண்டுகளை இந்தக் குடாநாட்டிலே கழித்தவன் நான். தவிலும் நாதசுரமும் என் செவிக்குத் தாய்ப்பால் போன்றவை. ஆயினும் எங்கள் மண்ணுக்குப் பெயர் தந்த கருவியின் ஓசையை ஒருநாளேனும் நான் கேட்டதில்லை. என் பாட்டனாரும் கேட்டிருக்கமாட்டார். அவருடைய பாட்டனாரும் கேட்டிருக்கமாட்டார்.

மாதகல் மயில்வாகனப் புலவர் ஒல்லாந்தர் காலத்தில் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலையில் ஒரு கதை உண்டு. சோழநாட்டிலிருந்து கண் தெரியாத யாழ்ப்பாணன் ஒருவன் இங்கு வந்தான். அரசன் முன்னிலையில் யாழ் இசைத்துப் பாடினான். மகிழ்ந்த அரசன் வடபாலுள்ள மணல் நிலத்தை அவனுக்குப் பரிசிலாக ஈந்தான். அதுவே யாழ்ப்பாணம் ஆயிற்று என்பது கதை. வரலாற்று ஆசிரியர் எல்லோரும் இதனை ஒப்புக்கொள்வதில்லை. கதை மெய்யோ பொய்யோ, பரிசில் நிலம் மட்டும் எஞ்சி, பரிசில் பெற்றுத் தந்த கருவி மறைந்தது என்பது மெய்.

பேத்தி கேட்ட அதே கேள்வியைத் தம் வாழ்நாட் கேள்வியாகக் கொண்ட ஒருவர் ஈழத்தில் இருந்தார். அவருக்குப் பெற்றோர் இட்ட பெயரும் மயில்வாகனன் என்பதே. உலகம் அவரை விபுலாநந்த அடிகள் என அறியும். துறவி, ஆசிரியர், கவிஞர், மொழிபெயர்ப்பாளர் எனப் பலவாறு அவரைப் போற்றுகிறோம். தமிழிசையின் வரலாற்றை ஆராய்ந்த அறிஞர் என்ற முகமே மாணவர் பலருக்குத் தெரியாத முகம். அதனை இன்று சிறிது காண்போம்.

காரைதீவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு

மட்டக்களப்புக்குத் தெற்கேயுள்ள காரைதீவில் 1892ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் சாமித்தம்பி, கண்ணம்மையார் தம்பதிகளுக்கு மகனாகப் பிறந்தார். அதே 1892ஆம் ஆண்டிலேதான் டாக்டர் உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை உரையுடன் அச்சிட்டு வெளிப்படுத்தினார். குழந்தை தொட்டிலில் கிடந்த அந்த வேளையில், பின்னாளில் அவர் தம் உயிரைத் தேய்த்து ஆராயவிருந்த நூல் ஏட்டுச் சுவடியிலிருந்து அச்சுக்கு ஏறிக்கொண்டிருந்தது. இதனை நினைக்குந்தோறும் எனக்கு மெய்சிலிர்க்கும்.

கல்முனையிலும் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் கற்று, 1908ஆம் ஆண்டில், பதினாறு வயதில், கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் தேறினார். கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில் யாழ்ப்பாணத்துத் தமிழறிஞர் தென்கோவைக் கந்தையபிள்ளையிடம் சங்க இலக்கியம் பாடங் கேட்டார். பகலிலே ஆங்கிலமும் விஞ்ஞானமும், இரவிலே தொல்காப்பியமும் சிலப்பதிகாரமும். 1916ஆம் ஆண்டில் கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியின் விஞ்ஞானத் தகைமைச் சான்றிதழையும், மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டத்தையும் ஒருங்கே பெற்றார். ஒரே ஆண்டில் இவ்விரண்டையும் பெற்றவர் அந்நாளில் மிக அரியர். இந்த இரட்டைக் கல்வியே யாழ் நூலுக்கு வித்து என்பது என் எண்ணம். இலக்கியம் மட்டும் கற்றவர் யாழை வருணித்திருப்பார். பௌதிகம் மட்டும் கற்றவர் யாழைப் பற்றி நினைத்தே இருக்கமாட்டார்.

1917ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் அர்ச். பத்திரிசியார் கல்லூரிக்கு விஞ்ஞான ஆசிரியராக வந்தார். அங்கே கற்பித்துக்கொண்டே இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்துக்குப் படித்துத் தேறினார். 1920ஆம் ஆண்டில் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் தலைமையாசிரியரானார். அடுத்த ஆண்டில் யாழ்ப்பாணத்தில் ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கம் அமைந்தபோது அதன் தொடக்கத்திலும் அவருக்குப் பங்கு இருந்தது. தமிழ் கற்போருக்குப் பிரவேச பண்டிதர், பாலபண்டிதர், பண்டிதர் எனப் படிப்படியாகப் பரீட்சை நடத்திய சங்கம் அது. எங்கள் குடாநாட்டின் பழைய பண்டிதர்கள் பலர் அந்தப் படிகளில் ஏறியவர்களே.

கல்லூரித் தலைமை, பட்டம், சமூகத்தில் மதிப்பு யாவும் கைவந்திருந்த முப்பதாவது வயதில் அனைத்தையும் துறந்தார். 1922ஆம் ஆண்டில் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். 1924ஆம் ஆண்டில் காவியுடையும் விபுலாநந்தர் என்ற திருநாமமும் பெற்றார். மறு ஆண்டு ஈழம் திரும்பி மிஷன் பாடசாலைகளை ஏற்று நடத்தினார். வண்ணார்பண்ணை வைத்தீசுவர வித்தியாலயமும் அவற்றுள் ஒன்று. மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை 1929ஆம் ஆண்டில் திறந்தார். 1931ஆம் ஆண்டில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். 1939 முதல் இரண்டாண்டுகள் இமயமலைச் சாரலிலுள்ள மாயாவதி ஆசிரமத்தில் 'பிரபுத்த பாரதம்' என்னும் ஆங்கிலத் திங்களிதழின் ஆசிரியர். 1943ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர்.

இத்தனை ஊர்களுக்கும் இத்தனை பதவிகளுக்கும் ஊடாக ஒரு பொருள் மட்டும் அவர் பெட்டியை விட்டு நீங்கவில்லை. அதுதான் யாழைப் பற்றிய குறிப்புகளும் கணக்குகளும்.

இருபத்தைந்து அடிகள்

சிலப்பதிகாரத்தில் அரங்கேற்று காதை என்றொரு பகுதி உண்டு. மாதவி முதன்முதல் அரங்கேறும் நாளில் ஆடலாசிரியன் எத்தகையவன், இசையாசிரியன் எத்தகையவன், குழலோன் எத்தகையவன் என்று இளங்கோவடிகள் ஒவ்வொருவராகக் கூறிச் செல்கிறார். யாழாசிரியனைப் பற்றிக் கூறும் இடம் இருபத்தைந்து அடிகள். அந்த இருபத்தைந்து அடிகளுக்கு ஒரு விரிவுரை எழுதப் புகுந்தே தாம் யாழ் நூலை இயற்றியதாக அடிகளார் சொல்லுகிறார்.

இருபத்தைந்து அடிக்கு ஒரு பெருநூலா என்று மாணவர் நகைக்கக்கூடும். அந்த அடிகளை ஒருமுறை படித்துப் பார்த்தவர் நகைக்கமாட்டார். எந்த நரம்பை எந்த நரம்போடு இணைப்பது, எதை முதலாகக் கொள்வது, வலமுறை எது, இடமுறை எது என்று கட்டளைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. யாழ் கையில் இருந்த காலத்தவருக்கு அவை வெட்ட வெளிச்சம். யாழ் இல்லாத நமக்கோ பூட்டிய பெட்டி. உரையாசிரியர் அடியார்க்குநல்லார் காலத்திலேயே பழைய இசை நூல்கள் பல இறந்துபட்டன என்று அவரே வருந்துகிறார். அவருக்குக் கிடைத்த நூல்களுட் சில நமக்குக் கிடைக்கவில்லை.

ஆயினும் சான்றுகள் அறவே இல்லாமற் போகவில்லை. பத்துப்பாட்டில் பாணர் கைக் கருவி உறுப்புறுப்பாக வருணிக்கப்படுகிறது. ஓசை திரளும் வயிறாகிய பத்தர், அதன்மேல் இழுத்துத் தைத்த தோற்போர்வை, வளைந்து நிமிர்ந்த கோடு, நரம்பை இறுக்கும் திவவு என ஒவ்வொன்றுக்கும் பெயரும் உவமையும் உண்டு. பெரும்பாணாற்றுப்படையில் ஓர் ஆயன் குமிழங் கொம்பை வளைத்து, மரல் நாரைத் திரித்து நரம்பாகக் கட்டி, மாடு மேயும் இடத்திலேயே வில்யாழ் செய்துகொள்கிறான். அம்பு எய்யும் வில்லின் நாணொலியிலிருந்து யாழ் பிறந்தது என்று அறிஞர் சொல்வதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமா? யாழ் வகைகளின் நரம்புத் தொகையும் தெரியும்: பேரியாழுக்கு 21, சகோட யாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7.

அமராவதிச் சிற்பங்களில் வில்போல் வளைந்த நரம்புக் கருவிகள் செதுக்கப்பட்டுள்ளன. குப்தப் பேரரசன் சமுத்திரகுப்தன் தன் பொற்காசில் அத்தகைய கருவி ஒன்றை மடியில் வைத்து வாசிக்கும் கோலத்தில் அமர்ந்திருக்கிறான். மெசபொத்தேமியாவின் ஊர் என்னும் பழம்பதியில் 1920களில் நிலத்தை அகழ்ந்தபோது அரச குடும்பத்தாரின் கல்லறைகளில் இத்தகைய நரம்புக் கருவிகள் கிடைத்தன. பர்மாவில் 'சவுங்' என்னும் வளைகோட்டு யாழ் இன்றும் வாசிக்கப்படுகிறது. ஆகவே யாழின் உருவத்தை ஒருவாறு ஊகிக்கலாம். அதன் சுருதியை எவ்வாறு அறிவது? கல்லிலே செதுக்கிய நரம்பு ஒலிக்காதே!

பௌதிக ஆசிரியரின் கணக்கு

இங்கேதான் பத்திரிசியார் கல்லூரியின் விஞ்ஞான ஆசிரியர் தமிழ்ப் பண்டிதருக்குக் கைகொடுக்கிறார்.

வீட்டில் வீணையோ வயலினோ உள்ள பிள்ளைகள் இதனைச் செய்து பார்க்கலாம். ஒரு தந்தியைத் திறந்தபடி மீட்டுங்கள். அதுவே சட்சம், பண்டைத் தமிழில் குரல். தந்தியின் சரிபாதியில் விரலை அழுத்தி மீட்டினால் அதே சுரம் ஒரு ஸ்தாயி உயர்ந்து கேட்கும். மூன்றில் இரண்டு பங்கு நீளம் மட்டும் ஒலிக்கும்படி அழுத்தினால் பஞ்சமம். அதனைத் தமிழர் இளி என்றனர். நான்கில் மூன்று பங்கு ஒலித்தால் சுத்த மத்திமம், அது உழை. எஞ்சிய ரிஷபம், காந்தாரம், தைவதம், நிஷாதம் ஆகியவற்றுக்குத் துத்தம், கைக்கிளை, விளரி, தாரம் என்பன பெயர்கள்.

ஒரு சுரத்துக்கு இளி, அந்த இளிக்கு இளி, அதற்கும் இளி என்று ஏறிச் சென்றால் பன்னிரண்டாவது ஏற்றத்தில் தொடங்கிய சுரத்துக்கே, ஏழு ஸ்தாயி மேலே, வந்து சேரவேண்டும். ஆனால் சரியாக வந்து சேர்வதில்லை. ஒன்றரையைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் ஏறத்தாழ 129.75 வருகிறது, இரண்டை ஏழு முறை பெருக்கினால் 128. இந்த இம்மியளவு மிச்சத்தை எங்கே வைப்பது என்பது கிரேக்கப் பைதகோரசின் பள்ளியார் முதல் இன்றைய பியானோவுக்குச் சுருதி கூட்டுபவர் வரை எல்லோரையும் அலைக்கழித்த சிக்கல். பண்டைத் தமிழர் ஒரு ஸ்தாயியை 22 அலகுகளாகப் பகுத்து இதற்கு ஒரு வழி கண்டனர். குரலுக்கு 4, துத்தத்துக்கு 4, கைக்கிளைக்கு 3, உழைக்கு 2, இளிக்கு 4, விளரிக்கு 3, தாரத்துக்கு 2. கூட்டிப் பாருங்கள், 22 வரும்.

அடிகளாருக்கு முன்னே இத்துறையில் பெரும்பணி செய்தவர் தஞ்சாவூர் மருத்துவர் ஆபிரகாம் பண்டிதர். தமது 'கருணாமிர்த சாகரம்' என்னும் மாபெரும் நூலை 1917ஆம் ஆண்டில் வெளியிட்டவர். தமிழிசை வரலாற்றுக்கு வழி திறந்தவர். ஸ்தாயிக்கு 24 சுருதி என்பது பண்டிதரின் கட்சி. அடிகளார் 22 என்ற பழங்கணக்கைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு நரம்பின் ஒலிக்கும் எண் கணக்கிட்டார். இருவருள் யார் பக்கம் உண்மை என்று தீர்ப்புச் சொல்ல நான் இசைவாணன் அல்லேன். பண்டிதர் செவியை நம்பிக் கணக்கைத் திருத்தினார், அடிகளார் ஏட்டை நம்பிக் கணக்கைத் திறந்தார் என்று மட்டும் எனக்குத் தோன்றுகிறது.

யாழ் நூலின் நடுநாயகமான பகுதி பாலைத் திரிபு. பெயரைக் கேட்டு அஞ்சவேண்டாம். வீட்டிலே பழைய ஆர்மோனியம் இருந்தால் ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும். வெள்ளைக் கட்டைகளை மட்டும் பயன்படுத்துங்கள். கறுப்புக் கட்டையைத் தொடவேண்டாம். மூன்று கறுப்புக் கட்டைகள் சேர்ந்து நிற்கும் கூட்டத்துக்கு இடப்புறமாக நான்காவது வெள்ளைக் கட்டை ஒன்று உண்டு; இரண்டு கறுப்புக் கட்டைகளின் இடப்புறத்தை ஒட்டியிருப்பது. அங்கிருந்து தொடங்கி ஏழு வெள்ளைக் கட்டைகளையும் வரிசையாக வாசித்தால் சங்கராபரணம். அதற்கடுத்த கட்டையிலிருந்து தொடங்கினால் கரகரப்பிரியா. அடுத்து தோடி. அடுத்து கல்யாணி. அடுத்து அரிகாம்போதி. அடுத்து நடபைரவி. கட்டைகள் மாறவில்லை, சுருதி மாறவில்லை, தொடங்கும் இடம் மாற இராகமே மாறிவிடுகிறது. ஏழாவது கட்டையிலிருந்து தொடங்கினால் முழுப் பஞ்சமம் கிடைக்காது; ஆதலின் நமது மேளகர்த்தா வரிசையில் அதற்கு இடமில்லை.

ஆர்மோனியம் வெள்ளையர் கொண்டுவந்த பெட்டி. ஆனால் இந்த வித்தை சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறது. குரலை முதலாகக் கொண்டால் செம்பாலை, துத்தத்தை முதலாகக் கொண்டால் படுமலைப்பாலை, பிறகு செவ்வழி, அரும்பாலை, கோடிப்பாலை, விளரிப்பாலை, மேற்செம்பாலை என ஏழு பாலைகள். மேற்சொன்ன அலகுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் செம்பாலை இன்றைய அரிகாம்போதியாகவும் அரும்பாலை சங்கராபரணமாகவும் மேற்செம்பாலை கல்யாணியாகவும் அமைகின்றன. நல்லூர் வீதியில் நாதசுரக்காரர் கல்யாணியை விரிக்கும்போது, மாதவி அறிந்த ஒரு பாலையைத்தான் நாம் கேட்கிறோம் என்று சொல்லலாம் அல்லவா? இந்தத் தொடர்ச்சியைக் கணக்கினால் காட்டியதே அடிகளார் செய்த பேருதவி என்பேன்.

நூலை எளிய நூல் என்று நான் சொல்லமாட்டேன். பாயிரவியல், யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல் என ஏழு இயல்கள். நடை செந்தமிழ் நடை. இடையிடையே பின்னங்களும் பெருக்கல்களும். மூன்றுமுறை எடுத்து மூன்றுமுறையும் இசைநரம்பியலில் நான் வழிதவறியிருக்கிறேன். ஆனால் அந்தக் கணக்குகளுக்கிடையே திடீரென்று ஒரு கவிஞர் எட்டிப்பார்ப்பார். மட்டக்களப்பு வாவியில் பூரணை இரவில் மீன் பாடும் என்பது கிழக்கிலங்கை மக்களின் பழைய நம்பிக்கை. அந்த வாவியில் நீரரமகளிர் தோன்றி ஏழிசையையும் எழுப்புவதாக அடிகளார் இந்த நூலிலே பாடியிருக்கிறார். சிறுவயதில் கேட்ட ஓசை கணிதக் குறிப்பேட்டிலும் ஒலிக்கிறது.

வார்சோவில் பிறந்த ஒரு பெண்மணி

ஏறத்தாழ அதே காலத்தில் ஐரோப்பாவிலும் இறந்துபோன ஒரு கருவிக்கு உயிரூட்ட முயன்றார் ஒருவர். போலந்து நாட்டு வார்சோ நகரில் 1879ஆம் ஆண்டில் பிறந்த வாண்டா லண்டோவ்ஸ்கா என்னும் இசையரசி. பாக் முதலிய பழைய மேதைகள் வாசித்த ஹார்ப்சிகோர்ட் என்னும் நரம்புப் பெட்டியைப் பியானோ வந்து வழக்கொழியச் செய்திருந்தது. அம்மையார் பழஞ்சுவடிகளை ஆராய்ந்தார். பழைய இசையைப் பற்றி 1909ஆம் ஆண்டில் நூல் எழுதினார். பாரிசின் பிளெயல் கம்பெனியாரைக் கொண்டு 1912ஆம் ஆண்டில் பெரிய ஹார்ப்சிகோர்ட் ஒன்றைச் செய்வித்தார். ஊரூராகச் சென்று வாசித்தார். இன்று ஐரோப்பிய இசைக் கல்லூரிகளில் அந்தக் கருவி மீண்டும் குடியேறியிருக்கிறது.

இருவரையும் ஒருங்கு வைத்து எண்ணுகையில் ஒரு வேறுபாடு மனத்தை உறுத்துகிறது. அம்மையாருக்கு முன்னே அரும்பொருட் காட்சிசாலைகளில் பழைய கருவிகள் முழு உருவில் இருந்தன. அவற்றுக்கென எழுதிய சுரத்தாள்கள் கட்டுக்கட்டாக இருந்தன. மறைவு நேர்ந்து நூறாண்டுதான் ஆகியிருந்தது. அடிகளாருக்கு முன்னே ஒரு யாழும் இல்லை. ஒரு சுரத்தாளும் இல்லை. செய்யுளும் சிலையுமே இருந்தன. மேலும் அம்மையார் தாமே வித்தகர். ஹார்ப்சிகோர்ட் முன் அமர்ந்து ஐயுற்றவரை மயக்கிவிடுவார். அடிகளார் கணக்கை எழுதலாம். வாசிப்பதற்கு வேறொருவர் வேண்டும்.

திருக்கொள்ளம்பூதூரில் இரண்டு நாள்

நூல் வளர வளர உடல் தேய்ந்தது. நோய் அடிக்கடி அவரைப் படுக்கையில் வீழ்த்தியது. பல்கலைக்கழகக் கடமை ஒருபுறம், நூற்பணி ஒருபுறம். கோனூர் ஜமீன்தார் சிதம்பரம் செட்டியார் புதுக்கோட்டையிலுள்ள தமது இராமநிலையத்தில் அடிகளாரை இருத்தி, ஆராய்ச்சிக்கு வேண்டியதெல்லாம் செய்து, பொருளும் ஈந்தார். கரந்தைத் தமிழ்ச் சங்கத்தார் பதிப்பிக்க முன்வந்தனர்.

அரங்கேற்றத்துக்குத் தேர்ந்த இடம் சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயில். திருஞானசம்பந்தர் வெள்ளம் பெருகிய ஆற்றைப் பதிகம் பாடி ஓடத்தில் கடந்ததாகச் சொல்லப்படும் தலம். சம்பந்தரோடு ஊர்தோறும் சென்று அவருடைய பதிகங்களைச் சகோட யாழில் இசைத்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். எனவே அந்த இடத்தேர்வு தற்செயலானது என்று நான் நம்பவில்லை.

1947ஆம் ஆண்டு ஜூன் 5, 6ஆம் நாள்களில் விழா நடந்தது. அடிகளாரின் கணக்குப்படி செய்யப்பட்ட முளரியாழ், சுருதிவீணை, பாரிசாதவீணை, சதுர்தண்டிவீணை ஆகியவை ஊர்வலத்தில் ஏந்தி வரப்பட்டன. தஞ்சை நால்வர் மரபில் வந்த இசைவாணர் க. பொ. சிவானந்தம்பிள்ளை யாழை மீட்டினார். பல நூற்றாண்டுகள் கேளாத ஓசை, சான்றோர் நிறைந்த அவையில், கோயில் மண்டபத்தில் கேட்டது. அடிகளாருக்கு அப்போது வயது ஐம்பத்தைந்து. மகிழ்ந்தாரா, கண்ணீர் விட்டாரா என்று நான் புனைந்து எழுத விரும்பவில்லை. அங்கே இருந்து பார்க்கக் கிடைக்கவில்லையே என்று எனக்கு ஏக்கம் உண்டு.

ஆறு வாரங் கழித்து, ஜூலை 19ஆம் நாள், கொழும்பில் அடிகளார் இறையடி சேர்ந்தார். கல்லடி உப்போடையில், தாம் நிறுவிய சிவானந்த வித்தியாலய வளவிலே அவரை அடக்கம் செய்தனர்.

ஏன் யாழ் திரும்பவில்லை?

யாழ் நூல் 1974ஆம் ஆண்டில் மறுபதிப்புக் கண்டது. மட்டக்களப்பில் 1982ஆம் ஆண்டில் அவர் பெயரால் இசை நடனக் கல்லூரி எழுந்தது. இன்று அது கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிறுவனம். ஆயினும் யாழ் கச்சேரி மேடைக்கு வரவில்லை. மருதனார்மடத்தில் இசை பயிலும் மாணவியரைக் கேளுங்கள். வீணை பயில்வோர் உண்டு, வயலின் பயில்வோர் உண்டு. யாழை முதற்கருவியாகப் பயில்வோரை நான் கண்டதில்லை.

இதற்கு அடிகளார் மேல் குறை சொல்வதற்கில்லை. காரணத்தைப் பெரிய புராணமே சொல்லிவிட்டது. திருத்தருமபுரத்தில் சம்பந்தர் ஒரு பதிகம் பாடினார். அது யாழில் அடங்கவில்லை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் எவ்வளவு முயன்றும் இயலாமல், மனம் நொந்து, யாழையே உடைக்க ஓங்கினார், சம்பந்தர் தடுத்தார். அந்தப் பண்ணுக்கு யாழ்முரி என்று பெயர் வழங்குகிறது. பக்திக் கதையாக இதனைப் பலமுறை கேட்டிருக்கிறோம். கருவிக் கதையாக ஒருமுறை கேட்டுப் பாருங்கள். யாழில் ஒரு நரம்புக்கு ஒரு சுரம். மனிதக் குரலோ ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும், நடுங்கும், குழையும். வீணையில் மெட்டின்மேல் தந்தியை இழுத்து அந்தக் குழைவைக் கொண்டுவரலாம். கமகமே உயிர் என்று நம் இசை வளர்ந்துவிட்ட பிறகு, திறந்த நரம்புகளையே மீட்டும் யாழ் பின்தங்கிவிட்டது. போர் வந்து அழிக்கவில்லை. அயலவர் வந்து கவரவில்லை. நம் செவியே மாறிவிட்டது.

அண்மைக் காலத்தில் சென்னையில் இளைஞர் சிலர் மரத்தைக் குடைந்து, தோல் போர்த்து, புதிதாக யாழ் செய்து வாசிக்கின்றனர். அதன் பதிவு ஒன்றைக் கைத்தொலைபேசியில் தேடியெடுத்துப் பேத்திக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"வீணை அழும். இது அழேல்லை அப்பப்பா. மழைத்துளி விழுற மாதிரி இருக்கு" என்றாள்.

பிறகு மூலையில் துணி போர்த்திக் கிடந்த பழைய ஆர்மோனியத்தை இழுத்து வைத்து வெள்ளைக் கட்டைகளைக் காட்டிக்கொடுத்தேன். ஒவ்வொன்றாகத் தொடங்கிப் பார்த்தவள், கல்யாணியில் வந்து நின்று, "இது எனக்குத் தெரியும்!" என்று கூவினாள். ஏழாவது கட்டையில் முகத்தைச் சுளித்தாள்.

இப்போது அவளுக்கு வேறொரு கேள்வி. மட்டக்களப்பு வாவியில் துடுப்பை நீருக்குள் இறக்கி, மறுமுனையில் காதை வைத்தால் மீன் பாடுவது கேட்குமாமே, மெய்தானா என்கிறாள். அடுத்த பூரணைக்குக் கல்லடிக்குக் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். அடிகளார் சமாதியையும் காட்டவேண்டும்.